அந்தமான் கடல்: பெயரிட்டவர்களும் மூச்சை அளந்தவர்களும்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் டெலானிபூர்ப் பகுதியில், இந்தியக் கடற்படை நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகம் உள்ளது. அங்குள்ள சங்குகளும் பவளங்களும் அந்தமான் கடலியல் எங்கிருந்து தொடங்கியது என்பதை நினைவூட்டுகின்றன: சேகரித்தல், பெயரிடுதல்.

1888 முதல் 1892 வரை ‘இன்வெஸ்டிகேட்டர்’ அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையறிஞராகவும் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஆல்காக், இந்தியக் கடல்களின் ஆழ்நீர் மீன்களையும் நண்டுகளையும் விவரித்தார். பின்னாளில் அதே பொறுப்பை வகித்த சீமோர் சுவெல், அந்தமான் கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் ஆராய்ந்தார். நீருக்கு எண்கள் கிடைத்தன. அந்நீரில் வாழும் விலங்கு எவ்வளவு ஆக்சிஜனை நுகர்கிறது என்று கேட்பது அந்த மரபின் வேலையாக இருக்கவில்லை. அலையில் ஆடும் அளவைக் கப்பலிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

அக்கேள்வி வேறு கரைகளில் எழுந்தது. புளோரிடாவை அடுத்த டார்ட்டுகாஸ் ஆய்வகத்தில் சோதனைகள் நடத்திய ஆல்ஃபிரட் மேயர், வெப்பமண்டலக் கடல் விலங்குகள் தாம் தாங்கக்கூடிய உச்ச வெப்பத்துக்குச் சில பாகைகள் கீழேயே வாழ்கின்றன என்று 1914இல் எழுதினார். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1928–29இல் நடந்த ஆய்வுப் பயணத்தின் பயனாக, மிகுவெப்பத்தில் பவளங்கள் தம் உடன்வாழ் பாசிகளை வெளியேற்றுவதை யங், நிக்கோல்ஸ் இருவரும் 1931இல் பதிவுசெய்தனர். பவள வெளிறல் உலகச் செய்தியாவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய அறிவு இது.

காரணம் எளியது. குளிர்குருதி விலங்கின் உடல்வெப்பம் நீரின் வெப்பமே. பொதுவாக, 10 பாகை உயர்வுக்கு வளர்சிதை மாற்ற வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும். தாங்கும் எல்லையை நெருங்கினாலோ அந்த ஏற்றமே முறிந்துவிடும். வெப்பம் கூடக் கூட உடல் கேட்கும் ஆக்சிஜன் மிகுகிறது. நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. அமிலமாதல் இன்னொரு செலவு. தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடற்பரப்பின் பிஎச் அளவு ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1 ஆகியிருக்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றும் இது, ஹைட்ரஜன் அயனிச் செறிவில் கால் பங்குக்கும் மேற்பட்ட உயர்வு. ஓடு கட்டும் உயிர், தன் உடல்நீரின் சமநிலையைக் காக்கவே கூடுதல் ஆற்றலைச் செலவிட நேர்கிறது. வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் எஞ்சுவது குறைகிறது.

2010 மே மாதத்தில் அந்தமான் இந்த எல்லையைக் கண்டது. துறைமுகத்துக்கு எதிரேயுள்ள நார்த் பேயில் சுமார் 42 விழுக்காடும், ஹேவ்லாக்கில் சுமார் 69 விழுக்காடும் பவளங்கள் வெளிறியதாகப் போர்ட் பிளேர் ஆய்வாளர்கள் 2011இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இவ்விழுக்காடுகள் சேதத்தின் பரப்பைச் சொல்லும். வெளிறாமல் நின்ற பவளம் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டு நின்றது என்பதைச் சொல்லா. பழைய மூச்சை இனி அளக்கவும் இயலாது. ஆனால் சங்கின் ஓடு, அவ்வுயிர் மிச்சம் பிடித்த ஆற்றலால் கட்டியது. எடுக்கப்பட்ட இடமும் ஆண்டும் தெரிந்த பழைய ஓடு ஒன்று எந்தச் சேகரிப்பில் இருந்தாலும், அதே இனத்தின் இன்றைய ஓட்டோடு தடிமனையும் அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.