திருப்பூர் ஏற்றுமதிக்குத் தயாரான விதம்

வளரும் நாடுகளின் சிறு தொழில்களை ஏற்றுமதிக்குத் தயார்ப்படுத்துவது பற்றிய கூட்டங்களுக்குத் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன் என்ற முறையில் நானும் போவதுண்டு. தரச்சான்று, இணையதளம், வணிகத் திட்டம் என்று ஒரு பட்டியல் தருவார்கள். அதை முடித்த பிறகே வெளிநாட்டு ஆர்டரைத் தேட வேண்டும் என்பார்கள். திருப்பூரில் எதுவும் அந்த வரிசையில் நடக்கவில்லை.

1920-களில் அங்கே பின்னலாடைத் தொழில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் பைக்காரா மின்சாரம் வந்து அதற்கு வேகம் கொடுத்தது. 1970-கள் வரை ஊரின் முக்கியச் சரக்கு உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன்தான். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக டி-சர்ட் தேடி வந்தார். ஐரோப்பியக் கடைகளின் ஆர்டர்கள் பின்தொடர்ந்தன.

அவற்றைச் சிறிய பனியன் கம்பெனிகள் எப்படிச் சமாளித்தன? ஒருவர் நூலை வாங்கித் துணி பின்னிக் கொடுப்பார். சாயம் ஏற்றுவது இன்னொருவர். பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டறை. இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். ஆர்டர் எடுத்தவர் எல்லா மெஷினையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. உறுதியான ஆர்டரைக் காட்டினால் வங்கியில் பேக்கிங் கிரெடிட் கிடைத்தது. அளவு பிசகினாலோ சாயம் போனாலோ சரக்கைத் திருப்பிய வாங்குபவர்களே தரத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். 1984-ல் சுமார் 10 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 1990-ல் 300 கோடியை நெருங்கியது. அந்த ஆண்டு ஏற்றுமதியாளர் சங்கமும் உருவானது.

வேலையைப் பங்கிட்டுக்கொண்ட ஊர், கழிவுக்கு மட்டும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறின. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அவை மூடியதும் பின்னுபவர் முதல் பட்டன் வைப்பவர் வரை எல்லோருக்கும் வேலை குறைந்தது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனையானது. அதற்கான செலவைச் சிறு பட்டறை தனியாகத் தாங்க முடியாது. பலர் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே வழியாயின.

இந்த அனுபவம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு சிறு தொழில் ஏற்றுமதிக்குத் தயாரா என்று பார்க்க வருபவர்கள் அந்தப் பட்டறையின் வாசலோடு திரும்பிவிடக் கூடாது. அடுத்த தெருவில் என்ன வேலை செய்து கிடைக்கிறது, வங்கி எதை நம்பிக் கடன் தருகிறது, கழிவுநீர் யாருடைய வயலுக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும்.