வரி உண்டு, வாக்கு இல்லை: போர்ட் பிளேர் உள்ளாட்சியின் தோற்றம் குறித்து டெம்பிள் தந்த விளக்கத்தின் மீது ஒரு மறுபார்வை

அந்தமான் தீவுகளின் உள்ளாட்சி வரலாறு வழக்கமாக 1957ஆம் ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. அவ்வாண்டில் நகராட்சி வாரியங்களுக்கான ஒழுங்குவிதி வந்து போர்ட் பிளேர் நகராட்சி வாரியம் அமைந்ததும், 1961இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும், 1994இல் நகராட்சிக்கும் மூன்றடுக்குப் பஞ்சாயத்துகளுக்கும் தனித்தனி ஒழுங்குவிதிகள் வெளியானதும் நன்கு அறியப்பட்டவை. ஒழுங்குவிதி என்பது, சட்டமன்றம் இல்லாத இத்தகைய ஒன்றியப் பகுதிக்காக அரசமைப்பின் 240ஆம் பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும், நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரான வலிமையுடைய விதித்தொகுப்பு. ஆனால் டெய்ரி ஃபார்ம், ஹடோ, ஜங்லிகாட் போன்ற பகுதிகளைத் தன் எல்லைக்குள் கொண்ட ஒரு நகராட்சி, வரி விதிக்கும் அதிகாரத்தைப் பெற்ற பிறகும் நிலம், வேலை, நிதி ஆகிய மூன்றிலும் இறுதி முடிவு எடுக்க இயலாத நிலையில் இருப்பது ஏன் என்பதை இந்த ஆண்டு வரிசை விளக்குவதில்லை. விடையைத் தேட 1957க்கு முன், தண்டனைக் குடியேற்றக் காலத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. அங்கே முதலில் எதிர்ப்படுவது சர் ரிச்சர்ட் டெம்பிளின் விளக்கம்.

1894இல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்ற டெம்பிள், 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியும் பின்னரும் எழுதியவற்றில், குடியேற்றத்தைப் படிப்படியாகச் சீர்திருத்தும் ஒரு பயிற்சிக்கூடமாகச் சித்திரித்தார். கடுமையான சிறைவாசத்தில் தொடங்கும் கைதி, பாராக்கு வாழ்க்கையையும் கூட்டு உழைப்பையும் கடந்து, ஏறத்தாழப் பத்தாண்டு நன்னடத்தைக்குப் பின் தன் உழைப்பில் தானே வாழும் உரிமம் பெற்றுக் கிராமத்தில் குடியமர்கிறான். உழுகிறான், மாடு வளர்க்கிறான், மணம் செய்துகொள்கிறான் அல்லது குடும்பத்தை வரவழைத்துக்கொள்கிறான். டெம்பிளின் பார்வையில் இது சுதந்திர மனிதனாவதற்கு முந்தைய படி. இந்தச் சித்திரத்தின் வசீகரம் மறுக்க இயலாதது. பின்வந்தோர் பலரும் அதன் படிநிலைகளை அப்படியே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

எனினும் அவர் தந்த விவரங்களிலேயே இரு செய்திகள் அந்தச் சித்திரத்தோடு ஒட்டாமல் நிற்கின்றன. முதலாவது, கிராமத்தில் குடியேறிய கைதிக்குத் தொடக்கத்தில் வீடு, உணவு, கருவிகள் ஆகியவற்றில் உதவி தந்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவ்வுதவியை நிறுத்தி, சுதந்திர மனிதன் ஒருவன் செலுத்த வேண்டிய எல்லாப் பொதுக் கட்டணங்களையும் அவனிடம் வசூலித்தனர். இரண்டாவது, அதே கைதிக்குக் குடிமை உரிமை ஏதுமில்லை. குடியேற்றத்தை விட்டு வெளியேறவும் அவனால் இயலாது, சும்மா இருக்கவும் இயலாது. டெம்பிள் இவற்றை ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாகக் காண்கிறார். ஆனால் கடமையில் சுதந்திர மனிதனாகவும் உரிமையில் கைதியாகவும் ஒருவனை ஒரே நேரத்தில் வைத்திருப்பது படியல்ல, ஓர் ஆட்சிமுறை. கிராமத்தின் தலைவராகிய சௌதரியை அதிகாரிகள் நியமித்தனர். வசூலான பணம் எங்குச் செலவாகும் என்பதில் கிராமத்தாருக்குச் சொல் இல்லை. இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நிலைமை வேறாக இருந்தது: ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884இல் மாவட்ட நகராட்சிகளுக்கும் உள்ளூர் வாரியங்களுக்கும் சட்டங்கள் வந்தன, வரம்புக்குட்பட்டதாயினும் வரி செலுத்துவோரின் பிரதிநிதித்துவம் அங்கே ஒரு கொள்கையாயிற்று.

கைதிக்கு வாக்குரிமை எதிர்பார்ப்பது காலமுரண் என்று டெம்பிளின் தரப்பில் வாதிடலாம், வாதம் நியாயமானதே. அதற்கு விடை கைதிகளிடம் இல்லை, அவர்களுடைய பிள்ளைகளிடம் இருக்கிறது. தீவுகளில் இன்றும் 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கப்படும் சமூகத்தின் முன்னோராகிய அப்பிள்ளைகள் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்கள் அல்லர். அவர்களும் அதே கிராமங்களில், அதே நிர்வாகத்தின்கீழ் வளர்ந்தனர். சீர்திருத்த ஏணியில் ஏறவேண்டிய தேவையே இல்லாத இவர்களுக்கு டெம்பிளின் திட்டத்தில் ஒரு படியும் இல்லை; ஏணியின் உச்சி என அவர் காட்டியது கைதியின் விடுதலையே அன்றி, ஊரார் தம் ஊரைத் தாமே ஆள்வது அன்று.

இந்த முறையின் எச்சம் மிகத் தெளிவாகத் தெரிவது நில உரிமையில். 1966ஆம் ஆண்டு நிலவருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதியின் 38ஆம் பிரிவு, தீவுகளின் நிலம் முழுவதும் மத்திய அரசுக்கே முற்றாக உரியது என்கிறது. குடியிருந்தோ, நெடுங்காலம் அனுபவித்தோ, பிறரிடம் வாங்கியோ எவரும் உரிமை பெற்றதாகக் கருத இயலாது என்றும், அரசு எழுதித் தந்த ஆவணமும் அந்த விதி அனுமதிக்கும் உரிமைகளும் மட்டுமே விலக்கு என்றும் அது வரையறுக்கிறது. நிலச் சீர்திருத்தம் என்ற பெயர் தாங்கிய ஒரு விதியில் இப்படியொரு பிரிவு இருப்பது நின்று கவனிக்கத் தக்கது. அரசே நிலவுடைமையாளர், மற்றவர் உரிமம் பெற்றவர் என்ற இதே அடிப்படை, 1926ஆம் ஆண்டு நிலக்குத்தகை ஒழுங்குவிதியிலும், அதற்கும் முன்பு கைதிக்குத் தரப்பட்ட கிராம உரிமத்திலும் இருந்ததே.

இத்தகைய பிரிவு அந்தமானுக்கே உரியதன்று, 1886ஆம் ஆண்டு அசாம் நிலவருவாய் ஒழுங்குவிதியிலும் இதன் சாயல் உண்டு என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அசாமில் முன்பே நிலம் வைத்திருந்தோரின் உரிமைகளை ஏற்றுக்கொண்டு, எஞ்சியவற்றுக்கே அரசு வரம்பிட்டது. போர்ட் பிளேரில் ஏற்கத்தக்க முன்னுரிமை எவருக்கும் உண்டென அரசு கருதவில்லை; அந்தமானியரின் நிலம் என்ற எண்ணமே பதிவில் இடம்பெறவில்லை, பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குவிதி 1956இல்தான் வந்தது. 1926இன் விதியை வரைந்தோர் கைதி உரிமத்தை மனத்தில் கொண்டனரா, பிரித்தானிய இந்தியாவின் தரிசு நிலக் கொள்கையையா என்பதை வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது கடினம், இரண்டும் கலந்திருக்கக்கூடும். விளைவில் மட்டும் ஐயமில்லை: வீட்டுமனை என்பது நகராட்சி ஒதுக்கக்கூடிய பொருளாக என்றும் இருந்ததில்லை.

சௌதரி முறை எப்போது முடிந்தது என்பதற்கும் ஒரே தேதியைச் சொல்வதற்கில்லை. தண்டனைக் குடியேற்றம் 1945இல் கலைக்கப்பட்டது. கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சட்ட வடிவம் 1961இல் கிடைத்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளை மாறுதல் காலம் என்றே கொள்ள வேண்டும். நாடாளுமன்றத்துக்குக்கூட 1967இல்தான் தீவு மக்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அதுவரை அவர்களுடைய உறுப்பினர் நியமிக்கப்பட்டவரே.

நிதியின் நிலையும் இதனோடு ஒத்தது. தீவுகளின் வரவுசெலவு ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளுள் ஒன்றாக நாடாளுமன்றத்தில் நிறைவேறுகிறது. ஒன்றிய நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியம் மாநிலங்களுக்கு உரியது; ஒன்றியப் பகுதி அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தீவுகளில் 9,000க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டியதும் ஒன்றிய அரசின் திட்டமே.

வேலை பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதற்கு 2023 ஆகஸ்டு நிகழ்வு தக்க சான்று. தீவு நிர்வாகத்தில் பணியாற்றும், 'டி.ஆர்.எம்.' எனப்படும் தினக்கூலி மஸ்தூர்களின் ஊதியப் பயன்கள் குறித்த ஆணையை நிறைவேற்றாததற்காக, கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரை இடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இவ்வழக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த உள்ளூர் மன்றத்துக்கும் முடிவெடுக்கும் பங்கு இல்லை.

போர்ட் பிளேர் நகராட்சி மன்றத்தில் அரசியல் இல்லை என்பது இதன் பொருளன்று. 2022 மார்ச் தேர்தலில் 24 வார்டுகளுள் பாரதிய ஜனதாவும் காங்கிரசும் தலா 10, தெலுங்கு தேசம் 2, தி.மு.க. 1, சுயேச்சை 1 என வென்றன. 2023இல் பாரதிய ஜனதாவின் ஆதரவோடு தெலுங்கு தேசத்தைச் சேர்ந்தவர் தலைவரானார். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழரும் 13 விழுக்காட்டினர் தெலுங்கரும் ஆன தீவுகளில், தாயகக் கட்சிகள் நகராட்சி அளவில் இவ்வளவு ஊன்றியிருப்பது தனி ஆய்வுக்குரியது. 1994ஆம் ஆண்டு நகராட்சி ஒழுங்குவிதி இம்மன்றத்துக்குச் சாலை, குடிநீர், துப்புரவு, கட்டட அனுமதி ஆகிய பணிகளைத் தந்தது. 1966இன் 38ஆம் பிரிவை அது தொடவில்லை.