கருப்பு மையமும் மஞ்சள் மேலோடும்: கல்கத்தா ஆய்வுகளும் யுரேனியக் கார்பனேட் கனிமங்களும்

யுரேனியம் கொண்ட கனிமங்கள் 250-க்கும் மேல் உள்ளன. அவற்றுள் கார்பனேட் வகையைச் சேர்ந்தவை சில பத்துகள்தான். அவையும் பெரும்பாலும் சுரங்கச் சுவரில் பூத்த மாவாகவோ, வேறொரு கனிமத்தின் மேல் படிந்த ஓடாகவோ கடுகளவில் கிடைக்கின்றன. யுரேனியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று மிக எளிதாகப் பற்றிக்கொள்வதுதான் இந்த அருமைக்குக் காரணம். பற்றிக்கொண்டவை நீரில் கரைந்து போய்விடுகின்றன. திடமாக மிஞ்சுவது கொஞ்சமே. இந்த உண்மை துலங்க நூறாண்டுக்கும் மேலாயிற்று. இந்திய மண்ணில் அதன் தொடக்கத் தடயங்கள் கல்கத்தாவில் தொகுக்கப்பட்ட கனிம அறிக்கைகளில் இருக்கின்றன.

இந்த வகையில் முதலில் முறையாக விவரிக்கப்பட்டவற்றுள் ஒன்று லீபிகைட். துருக்கியின் ஏட்ரியனோபிள் அருகே கிடைத்த மாதிரியை அமெரிக்க வேதியியலாளர் ஜே. லாரன்ஸ் ஸ்மித் 1848-இல் விவரித்து, ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் பெயரை அதற்குச் சூட்டினார். பச்சை கலந்த மஞ்சள் நிறம். செப்புக் கம்பியால் கீறக்கூடிய மென்மை. ஒரு சொட்டு அமிலம் பட்டால் நுரைக்கும். புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். கால்சியமும் மூன்று கார்பனேட் அயனிகளும் 11 நீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருப்பதால் அதன் எடையில் யுரேனியத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

ருதர்ஃபோர்டைன் இதற்கு நேர் எதிர். 1906-இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின், அதாவது இன்றைய தான்சானியாவின், மொரொகோரோ பகுதி மைக்கா பாறைகளிலிருந்து வந்த மாதிரியில் வில்லி மார்க்வால்ட் இதைக் கண்டார். யுரேனியமும் இரு ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு யுரேனைல் அயனிக்கு ஒரு கார்பனேட் அயனி, நீரே கிடையாது. யுரேனியம் எடையில் 72 சதவீதம். யுரேனினைட் என்னும் கருப்புக் கனிமம் சிதைந்த இடத்தில் இது மஞ்சளாகப் படிந்திருந்தது. இதன் படிக அமைப்பை 1955-இல் கிறைஸ்ட், கிளார்க், எவன்ஸ் மூவரும் வெளியிட்டனர். கார்பனேட்டுகளும் யுரேனியமும் ஒரே தளத்தில் பரவிய அடுக்குகளாக அமைய, யுரேனைலின் இரு ஆக்சிஜன்களும் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழும் நீட்டி நிற்கின்றன.

மொரொகோரோவைப் போன்ற நிலவியல் சூழல் நம் நாட்டிலும் உண்டு: பீகாரின் பழைய கயா மாவட்டத்தில் உள்ள, பெக்மடைட் எனப்படும் மைக்கா பாறைகள். 1851-இல் கல்கத்தாவில் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றை மைக்காவுக்காகவே முதலில் ஆராய்ந்தது. தாமஸ் ஹாலண்ட் எழுதிய இந்திய மைக்கா படிவுகள் குறித்த நூல் 1902-இல் வெளிவந்தது. 1919-இல் ஜி. எச். டிப்பர், கயாவின் பிச்லி பகுதியில் கிடைத்த, யுரேனினைட்டின் ஒரு வகையான பிட்ச்பிளெண்டையும் மோனசைட்டையும் பற்றித் துறையின் ஆவணத் தொடரில் எழுதினார். அந்த வட்டாரத்தின் அப்ரகி பகாரில் பிட்ச்பிளெண்ட் உருண்டைகளாகக் கிடைத்தது. கூடவே டோர்பர்னைட்டும் மஞ்சள் யுரேனியக் காவியும் இருந்தன.

அந்தக் காலத்தில் மஞ்சள் மேலோடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தலைப்பின் கீழ் அடக்கப்பட்டன. எக்ஸ் கதிர்ச் சிதறல் வசதி பரவுவதற்கு முன் வேறு வழியும் இல்லை. ஆய்வாளர்களின் கவனமும் மஞ்சள் மேலோட்டுக்குள் சிதையாமல் நின்ற கருப்பு மையத்தின் மேலேயே இருந்தது. கதிரியக்கச் சிதைவால் சேர்ந்த ஈயத்தை அளந்து பாறையின் வயதைக் கணிக்கச் சிதையாத மையமே வேண்டும். கயாவின் சிங்கார் அருகே கிடைத்த யுரேனினைட்டின் வயதை ஆர்தர் ஹோம்ஸும் லெலண்டும் நியரும் 1950-இல் வெளியிட்டது அப்படித்தான். விடை ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள். மகத்தான சாதனை அது. ஆனால் மழை நீர் பாறையோடு நடத்திய வேதியியலுக்குச் சான்று, ஓரத்து மஞ்சளில்தான் இருந்தது.

அதே 1950 ஜனவரியில் இயற்பியலாளர் மேக்நாத் சாகாவின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைக் கல்கத்தாவில் இரேன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே, புவியியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய டி. என். வாடியாவின் தலைமையில் அணுக் கனிமத் தேடலுக்கெனத் தனி அமைப்பு உருவாகியிருந்தது. 1951-இல் ஜாதுகுடாவின் யுரேனியப் படிவு கண்டறியப்பட்டது.

இனி வேதியியல். நான்கு நேர்மின் நிலையில் இருக்கும் யுரேனியம் நீரில் கரையாது. ஆக்சிஜன் பட்டு ஆறாம் நிலைக்கு ஏறும்போது யுரேனைல் அயனியாகிறது. பைகார்பனேட் கலந்த நீரில் அது மூன்று கார்பனேட்டுகளைச் சேர்த்துக்கொண்டு கரைந்து ஓடுகிறது. நீர் வற்றும் இடத்தில் கால்சியம் துணையிருந்தால் லீபிகைட்டாகவும், சோடியமும் சேர்ந்தால் ஆண்டர்சனைட்டாகவும் படியும். மழை வந்தால் மறுபடி கரையும். ருதர்ஃபோர்டைன் நிலைத்திருக்கக் காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு கரியமில வாயு தேவை. அதனால்தான் அது இவ்வளவு அரிது.

கார்பனேட் நீரில் யுரேனியம் கரையும் இந்த இயல்பை இந்தியா ஆலையில் பயன்படுத்துகிறது. ஜாதுகுடா தாதுவைக் கந்தக அமிலத்தால் கரைக்கிறார்கள். ஆனால் ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் தாதுவைச் சுமப்பது டோலமைட் வகைப் பாறை. அமிலம் ஊற்றினால் பாறையே அதைக் குடித்துவிடும். எனவே அங்கே சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலை வெப்பத்திலும் அழுத்தத்திலும் செலுத்தி யுரேனியத்தைப் பிரிக்கிறார்கள். சுரங்கச் சுவரில் இயற்கை மெல்ல நடத்துவதே அழுத்தக் கலனில் விரைவாக நடக்கிறது.

இதே வேதியியல் குடிநீரிலும் உண்டு. லீபிகைட்டின் உள்ளே இருக்கும் கால்சியம்-யுரேனைல்-கார்பனேட் கூட்டு, நீரில் கரைந்த நிலையிலும் நிலைத்திருப்பதை 1996-இல் பெர்ன்ஹார்டும் சக ஆய்வாளர்களும் ஜெர்மனியின் ஷ்லெமா சுரங்க நீரில் காட்டினர். ராஜஸ்தான், குஜராத் நிலத்தடி நீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்னும் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவைத் தாண்டி யுரேனியம் இருப்பதற்குப் பைகார்பனேட் ஒரு முக்கியக் காரணம் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மழை நீரின் வேதியியலுக்குச் சான்று ஓரத்து மஞ்சளில்தான் இருப்பதால், பழைய சேகரிப்புகளைக் காப்போருக்கு ஒரு வேண்டுகோள். கயா மாதிரிகள் எங்கெங்கே உள்ளனவோ, அங்கெல்லாம் மஞ்சள் மேலோட்டைச் சுரண்டிக் கழிக்காதீர்கள். மாதிரியைச் சிதைக்காத ராமன் நிறமாலை முறையில் ஒவ்வொரு மேலோட்டையும் தனித்தனியே இனம் கண்டு பதிவு செய்யுங்கள்.