பெரிபெரி நோயும் புழுங்கல் அரிசியும்

மலாயாவில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் பெருகிவந்த காலத்தில், மலேரியாவோடு சேர்ந்து உழைப்பாளிகளை வாட்டிய மற்றொரு நோய் பெரிபெரி என்பது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடலெங்கும் நீர் கோத்து வீங்கும், முடிவில் நெஞ்சு செயலற்று உயிர் பிரியும். சீனச் சுரங்கத் தொழிலாளரும் சிறைக் கைதிகளும் மனநோயாளர் விடுதிகளில் இருந்தோரும் இதற்கு ஆயிரக்கணக்கில் இரையாயினர். அதே வெயிலிலும் மழையிலும் பாடுபட்ட தமிழரிடையே மட்டும் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இது மருத்துவர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது.

மலாக்காவின் மஸ்ஜித் தானா வட்டாரத்திலிருந்து லிங்கி ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். அந்த மாநிலத்தின் தலைமை மருத்துவராகச் சிரம்பானில் பணிபுரிந்த பிராடன் என்பவர், நோயாளியின் நாடியோடு நில்லாமல் அவனுடைய சோற்றுப் பானையையும் எட்டிப் பார்த்தார். சீனர் உண்டது எந்திரத்தில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் தம் நெல்லைத் தாமே அவ்வப்போது குத்திச் சமைத்தனர். தமிழரோ நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்தும் புழுங்கல் அரிசியை உண்டனர். வேறுபாடு அரிசியில்தான் உள்ளது என்று பிராடன் துணிந்தார். 1907-இல் இதைப் பற்றி ஒரு பெருநூலும் வெளியிட்டார். ஆயின் காரணம் கூறுமிடத்து அவர் வழி தவறினார். நாட்பட்ட வெள்ளரிசியில் ஏதோ நச்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை. கண்டது சரி, விளக்கம் தவறு. அறிவியல் வரலாற்றில் இது புதுமையன்று.

பிராடன் கூற்றை ஐயுற்ற பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு சோதனை நடத்தினார். 1905-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்தோரை வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு என எண்ணினர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்துக்கு, அவர்களுக்கு வெள்ளரிசி. இரட்டைப்படை எண்ணினர் மறு கூடத்துக்கு, அவர்களுக்குப் புழுங்கல். இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் தீர, நடுவில் இரு சாராரையும் கூடம் மாற்றியும் பார்த்தனர். ஓராண்டில் வெள்ளரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் உண்டோரில் ஒருவரும் பெரிபெரியால் மாளவில்லை. அந்தப் பதினெண்மரிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் விடை கூறும் நிலையில் அவர்கள் இல்லை. இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உண்மை ஆங்கில மருத்துவ இதழில் அச்சாயிற்று.

அடுத்து, 1900-இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டை நாடினர். அங்கே சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்தனர். சில திங்களில் வெள்ளரிசிக்காரரிடையே நோய் தலைகாட்டிற்று. அரிசியை மாற்றியதும் பரவல் நின்றது. பின்னர்க் கோழிகளுக்குப் புதிதாகத் தீட்டிய வெள்ளரிசியைக் கொடுத்தும் பார்த்தனர். அவையும் கால் முடங்கி விழுந்தன. புதிய அரிசியும் நோய் தந்தபடியால், நாட்பட்ட நச்சு என்னும் கொள்கை வீழ்ந்தது. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகளுக்கு நோய் வரவில்லை. ஆகவே குறை, அரிசியில் சேர்ந்த ஒன்றால் அன்று. அரிசியிலிருந்து நீங்கிய ஒன்றால் என்பது தெளிவாயிற்று. பிற்காலத்தார் அதனைத் தையமின் என்றும் பி-1 உயிர்ச்சத்து என்றும் பெயரிட்டனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள இச்சத்து நீரில் கரைந்து மணியின் உள்ளே புகுகிறது. பின்பு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது. தமிழ்ப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாக அடுப்பில் செய்துவந்த வேலை இதுவே.

இனி, கண்டதைச் சொன்ன கதைக்கு வருவோம். 1910-இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானித்தது. நல்ல அரிசியை அறிய பிரேசரும் ஸ்டாண்டனும் ஓர் அளவுகோல் வகுத்தனர்: பாஸ்பரஸ் பெண்டாக்சைடு நூற்றுக்கு 0.4 பங்குக்குக் குறைந்தால் அந்த அரிசி ஆகாது. ஆய்வுக் கூடத்துக்கு அது சிறந்த அளவுகோல். கடை வாசலில் முறத்தோடு நிற்கும் பெண் அதை எவ்வாறு காண்பாள்? புழுங்கலின் மணம் சீனத் தொழிலாளருக்குப் பிடிக்கவுமில்லை. சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆணையிட்டு அரிசியை மாற்ற முடிந்தது. வீட்டுப் பானைக்கு ஆணை செல்லவில்லை.

மணிலாவில் வேறொரு வழி கண்டனர். தவிட்டிலிருந்து இறக்கிய சாற்றைக் கைக்குழந்தைகளின் பெரிபெரிக்கு மருந்தாகக் கொடுத்தபோது, அதற்கு அந்நாட்டார் தவிட்டுக்கு வழங்கும் 'டிக்கிடிக்கி' என்னும் சொல்லே பெயராயிற்று. மருந்தின் பெயரைக் கேட்டதும் அது எதிலிருந்து வந்தது என்று தாய்க்குத் தெரிந்துவிடும். பாஸ்பரஸ் கணக்கு செய்ய முடியாததை ஒரு வீட்டுச்சொல் செய்தது.

மலாயாத் தமிழருக்கோ புழுங்கல் பழக்கமாகவே இருந்ததால், அதன் காரணத்தை எடுத்துச் சொல்லும் தேவையே எழவில்லை போலும். பழக்கம் காப்பாற்றும் வரையில் குறை தெரியாது. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகிற்று. தோட்டங்களில் மரவள்ளியே சோறாயிற்று. மரவள்ளியில் இந்த உயிர்ச்சத்து மிகக் குறைவு. புழுங்கல் நல்லது என்று மட்டும் அறிந்தவனுக்குப் புழுங்கல் இல்லாத நாளில் வழியில்லை. தவிட்டில் உள்ளதே காக்கிறது என்று அறிந்தவன் தவிட்டைத் தேடியிருப்பான். சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்த வெள்ளைக்காரப் படைவீரருக்கு அவர்களுடைய மருத்துவர்கள் தவிட்டைத் தேடிப்பிடித்து ஊட்டினர். பச்சைப்பயறும் இந்நோய்க்கு உதவும் என்பதை ஜாவாவில் ஹுல்ஸ்ஹோப் பால் என்னும் டச்சு மருத்துவர் 1902 அளவிலேயே கண்டு எழுதியிருந்தார். அவர் எழுதியது டச்சு மொழியில். பிரேசரும் ஸ்டாண்டனும் எழுதியது ஆங்கிலத்தில். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்ற தோட்டத்து மக்கள் பேசியது தமிழ்.