நிலப் பத்திரமும் குடிவழியும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கை அடுத்த கியா பார்மிலும், அதற்கு அணித்தாயுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திலும் வாழும் தமிழர் தம் முன்னோரை அறிய எந்த ஏட்டைப் புரட்டுவது? நில ஏடு என்பதே முதலில் தோன்றும் விடை. ஆயின், பகாங் நில ஏடு இதற்குப் பெரிதும் உதவாது.

அங்கு வழங்குவது டாரன்ஸ் முறை. அயர்லாந்தின் கார்க் நகரிற் பிறந்த ராபர்ட் டாரன்ஸ், 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் இதனைச் சட்டமாக்கினார். ஏட்டில் எவர் பெயர் உளதோ அவரே உரிமையாளர். பழம் பத்திரங்களை அடுக்கிக் காட்ட வேண்டுவதில்லை. வாங்குவோர்க்கு இது எளிது. ஆனால் தோட்ட நிலம் கம்பெனியின் பெயரில் இருக்க, கொழுந்து கிள்ளியவர் பெயர் அவ்வேட்டில் ஏற வழியேது?

டாரன்ஸ் பிறந்த நாட்டில் அவருக்கு முன்பே வேறொரு முறை இருந்தது. 1707-ஆம் ஆண்டுச் சட்டப்படி டப்ளினில் பத்திரப் பதிவகம் ஏற்பட்டது. கொடுத்தவர், வாங்கியவர், நிலம், சாட்சிகள் ஆகிய விவரங்கள் சுருக்கமாக அங்கே பதியப்பெற்றன. 1922-இல் உள்நாட்டுப் போரின்போது பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாகி, உயில்களும் குடிக்கணக்குகளும் பெரும்பாலும் அழிந்தன. வேறிடத்திலிருந்த பத்திரப் பதிவுகள் தப்பின. அதனால் குடிவழி ஆராய்வார்க்கு அவை பெருந்துணையாயின. அங்குள்ள பெயரட்டவணை கொடுத்தவர் பெயரை மட்டுமே காட்டும். ஆகவே அவர்கள் ஊர்ப்பெயரைக் கொண்டும் தேடுவர். சாட்சிகளையும் விடார், சாட்சியிட்டவர் பலகால் உறவினராயிருப்பர்.

நமக்கும் இவ்வழி உண்டு. அது மூதாதையர் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்கிறது. 1908-ஆம் ஆண்டு இந்தியப் பதிவுச் சட்டப்படி, நிலப் பத்திரங்கள் முதற் புத்தகத்தில் ஏறும். ஆட்பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவரையும் ஆட்பெயர் அட்டவணை காட்டுவதால், இவ்வகையில் அது டப்ளின் அட்டவணையினும் மேலானது. தகப்பன் பெயர், இருப்பிடம், தொழில் ஆகியன பத்திரத்தில் வரும். உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். முனியாண்டியும் மாரிமுத்துவும் ஊர்தோறும் பலர். ஆதலின் பெயரை மட்டும் நம்பாது, ஊரையும் சர்வே எண்ணையும் பற்றிச் செல்வதே தக்கது.

கடல் கடந்தோரிற் பலர் ஒரு குழி நிலமும் இல்லாதவர் என்பது மெய். அயர்லாந்திலும் ஏழைக் குடியானவர் பத்திரம் எழுதியதில்லை. எனினும் இன்னார் உழுதுவரும் நிலம் என்ற குறிப்பில் சிலர் பெயர் தங்கியிருக்கிறது. நம் பத்திரங்களிலும் நான்கெல்லை கூறுமிடத்தில் அண்டை மனைக்காரர் பெயர் வரக்கூடும். விற்றவர், வாங்கியவரோடு நில்லாமல் எல்லைகளையும் படித்தல் வேண்டும்.

இத்தனைக்கும் திறவுகோல் ஊர்ப்பெயர் ஒன்றே. மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. அதற்கு முன் கப்பலேறியவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டறிந்த பிள்ளைகளும் இன்று முதியோராயினர். பதிவகத்தில் பத்திரம் காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது. அவ்வூர்ப்பெயரை இன்றே எழுதி வைத்தல் நம் கடன்.