நான்கெல்லை: பத்திரத்துக்குள் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஊரில் இருக்கும் பழைய வீட்டை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் அந்த வீட்டின் பத்திரங்களை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன பேரூராட்சி. வீடு இருப்பது நத்தம் மனையில். காகிதங்களைப் புரட்டிப் பார்த்த புரோக்கர், "பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, ஈசில வில்லங்கம் இல்ல. வேற என்ன தம்பி வேணும்?" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கல்வெட்டு வாசிக்கிற கிறுக்கு பிடித்தவன் கையில் பழைய காகிதம் கிடைத்தால் சும்மா இருக்குமா?

இரண்டு பத்திரங்கள். ஒன்று, கொள்ளுத்தாத்தா 1938இல் வாங்கிய கிரயப் பத்திரம். இன்னொன்று, அப்பாவும் சித்தப்பாவும் 1994இல் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை. இரண்டிலும் அதே வீடு, அதே தெரு. 1938இல் அளவு கிழமேல் 62 அடி, தென்வடல் 30 அடி. 1994இல் கிழமேல் அதே 62, தென்வடல் 34. ஐம்பத்தாறு வருஷத்தில் மனை நான்கு அடி வளர்ந்திருக்கிறது!

எங்கிருந்து வந்தது என்று நான்கெல்லையைப் பார்த்தால் தெரிந்துவிட்டது. பழைய பத்திரத்தில் வடக்கே "பொதுச் சந்துக்குத் தெற்கு" என்று இருக்கிறது. புதியதில் அந்த இடத்தில் வடபக்கத்து வீட்டுக்காரர் பெயர். நடுவில் இருந்த நான்கு அடிச் சந்து காகிதத்தில் காணாமல் போயிருந்தது. தரையில் அது இன்றும் இருக்கிறது. பின்வீட்டுப் பெரியம்மா தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி.

இந்த நான்கெல்லையை எப்படி வாசிப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் வளர்ந்த பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "தெருவுக்கு மேற்கு" என்றால் தெரு மேற்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. தெருவுக்கு மேற்கில் நம் மனை இருக்கிறது, அதாவது தெரு நமக்குக் கிழக்கு. பக்கத்து ஆளின் இடத்தில் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கிற வாக்கியம் அது.

இந்த வாக்கிய அமைப்புக்கு வயது ஆயிரத்துக்கு மேல். சோழர் காலச் சாசனங்களில் கீழ்பாற்கெல்லை இன்னதுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னதுக்கு வடக்கு என்றுதான் வரும். கிழக்கில் ஆரம்பித்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் சுற்றும். ஆனைமங்கலம் செப்பேடு இதற்கு நல்ல உதாரணம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் வெட்டவைத்தவன் மகன் ராஜேந்திரன். ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் பட்டயம் என்று பெயர் வாங்கிய ஏடுகள் இவை. ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த தடத்தை எல்லையாக வைத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லையில் கல்லும் கள்ளியும் நடுவார்கள்.

எனக்கு யானையைவிட முக்கியமாகப் பட்டது கடைசியில் வரும் கையெழுத்துகள்தான். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எல்லை சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு? பத்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கும், அவருக்கே அது தெரியாது. சாட்சிக் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம்.

நத்தம் என்ற சொல்லும் பழசு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவைச் சொல்லும்போது, வரி விதிக்க முடியாத இடங்களைக் கழிப்பார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு. கூடவே பறைச்சேரியும் கம்மாணசேரியும் தனித்தனியாக வரும். ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதில் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் நத்தம் வேறு, சேரி வேறு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். ஊர் என்றால் யாரெல்லாம் என்ற கேள்விக்கு அன்றைய பதில் அது. எங்கள் 1938 பத்திரத்திலும் நான்கெல்லையில் வரும் எல்லாப் பெயர்களுக்கும் சாதிப் பின்னொட்டு இருக்கிறது. 1994இல் இல்லை. அதையும் கவனித்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் வந்த பிறகு நிலத்துக்கு நம்பர் வந்தது. 1858இல் மெட்ராஸ் மாகாணத்தில் நில அளவைத் துறை தொடங்கி, வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். கண்டர் சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. பழைய புலப்படங்களில் அளவுகள் இந்தக் கண்ணிக் கணக்கில்தான் இருக்கும். ஆனால் அரசுக்கு வேண்டியது நில வரி. வயலுக்கு வரி உண்டு, வீட்டு மனைக்கு இல்லை. அதனால் வயல்களுக்குத் தனித்தனி எண் கொடுத்தவர்கள், ஆட்கள் குடியிருந்த பகுதியை மொத்தமாக ஒரு சர்வே எண்ணில் போட்டு 'நத்தம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஐம்பது வீடு இருந்தாலும் கணக்கில் ஒரே வரி. என் தொழில் பாஷையில் சொன்னால், டேபிள் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வீடு ரெக்கார்டு இல்லை.

அப்படியானால் அந்த ஐம்பது வீட்டுக்காரர்களும் தங்கள் மனையை எப்படி நிரூபித்தார்கள்? பத்திரமும் அனுபவமும்தான். பத்திரத்தில் நிலத்தை அடையாளம் காட்டியது நான்கெல்லை. இன்னாருக்கு நான் மேற்கு, எனக்கு இன்னார் மேற்கு. ஒருவருக்கொருவர் சாட்சி. கோர்ட்டிலும் எல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு அதிகம்.

1979 முதல் 1987 வரை யூடிஆர் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க வருவாய்க் கணக்குகளைப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு நத்தத்தையும் வீடு வீடாக அளந்து பட்டா கொடுத்தார்கள். நல்ல காரியம். பல குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த முதல் காகிதம் அதுதான். ஆனால் அளந்தது சுவருக்குச் சுவர். எங்கள் தெற்குச் சுவரில் ஆரம்பித்து வடபக்கத்து வீட்டுச் சுவர் வரை டேப் போயிருக்கிறது. இடையில் இருந்த சந்து எங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. 196 சதுர மீட்டர்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "பத்திரம் எழுதுறவர் பட்டாவப் பாத்து எழுதிட்டாருடா. அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம். யாரு படிச்சா?" என்றார். திட்டம் போட்டு யாரும் எடுக்கவில்லை. பட்டாவில் விழுந்த பிழையைப் பத்திரம் காப்பி அடித்தது, அவ்வளவுதான்.

248 சதுர அடி. இன்றைய விலையில் அது சின்னத் தொகை இல்லை. "அப்படியே வித்துடுங்க, வாங்குறவர் பாத்துப்பார்" என்றார் புரோக்கர். ஒப்புக்கொள்கிறேன், ஒரு நாள் முழுக்க நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாதான் கேட்டாள்: "சந்த அடைச்சிட்டா நாளைக்குப் பெரியம்மாவ எந்த வழியாடா தூக்கிட்டுப் போவாங்க?" பெரியப்பாவை அந்தச் சந்து வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருக்கிறேன்.

சட்டமும் அம்மா பக்கம்தான். பழைய பத்திரத்திலேயே பொதுச் சந்து என்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், 20 வருஷம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த வழிக்கு 1882ஆம் வருட வழியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சந்தையும் சேர்த்து விற்றால், வாங்குபவர் ஒரு வழக்கையும் சேர்த்துத்தான் வாங்குவார்.

சித்தப்பாவும் நாங்களும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்தோம். தென்வடல் 30 அடி, பொதுச் சந்துக்குத் தெற்கு. பட்டாவைத் திருத்தவும் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். வாங்குபவர் நான்கு அடிக்கான பணத்தைக் குறைத்துக்கொண்டார். நியாயம்தான்.

சின்ன ஊரில் பழைய மனை வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். ஈசி பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். வாய்மொழிப் பங்கு, வழிநடை பாத்தியம் எல்லாம் அதில் வராது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, அதை மட்டும் நம்பிக் கிரயம் முடிக்காதீர்கள். கிடைப்பதிலேயே பழைய தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் அளவையும் நான்கெல்லையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்த வருஷத்தில் எண் மாறுகிறதோ அங்கே ஒரு கதை இருக்கும்.

பிறகு அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மனையில் போய் நில்லுங்கள். நான்கு பக்கமும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டி, உங்கள் பெயரும் இதில் இருக்கிறது என்று அவர்கள் எல்லையைப் படித்துக் காட்டுங்கள். காபி கொடுப்பார்கள், சந்து எது, கிணற்றுப் பங்கு யாருக்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாளைக்கு அவர்களுக்கு மேற்கிலோ தெற்கிலோ நீங்கள்தானே குடியிருக்கப் போகிறீர்கள்.