நீலிக் கண்ணீர் - நாம் மறந்துபோன பாதிக் கதை



"சும்மா நீலிக் கண்ணீர் வடிக்காதே!" வில்லியனூர், பாகூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்த ஊரிலும் ஒரு பெண் அழுதால் இதைச் சொல்ல யாராவது இருப்பார்கள். யார் இந்த நீலி?

அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். கதை பல வடிவங்களில் உண்டு, சுருக்கம் இதுதான். ஒருவன் தன் மனைவியை இந்தக் காட்டில் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து அதே வழியாக வருகிறான். அவள் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் கணவர் என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று பழையனூர் வேளாளர்கள் 70 பேர் முன்னால் நின்று அழுகிறாள். வணிகன் "இவள் பேய்" என்று கதறுகிறான். யாரும் நம்பவில்லை. "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். கொடுத்த வாக்குக்காக 70 பேரும் தீயில் இறங்கி உயிர் விட்டார்கள்.

சரி, இந்தக் கதையை யார் யார் எப்படிச் சொன்னார்கள் என்று பார்ப்போம். வரலாறு அங்கேதான் இருக்கிறது.

7-ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார். ஒருத்தி வஞ்சனையால் உயிர் பறித்ததுதான் அங்கே செய்தி. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் சேக்கிழார் புராணத்தில் வேளாளர்களின் சொல் தவறாமையைப் போற்றுகிறார். அங்கே நாயகர்கள் அந்த 70 பேர். நீலி வெறும் வஞ்சகி.

சமணர்கள் இதே பேயை எடுத்து வேறு மாதிரி செய்தார்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள். தோற்றுப்போய் அவருக்கே மாணவியாகிறாள். பிறகு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று ஒவ்வொருவராக வாதத்தில் வெல்கிறாள். 10 சருக்கம், 894 பாடல். 1936-ல் பேராசிரியர் அ.சக்கரவர்த்தி உரையோடு பதிப்பித்தார். பேய்க்கு ஒரு பெரிய மரியாதை! ஆனால் அவள் ஏன் பேயானாள் என்ற கேள்வி அங்கேயும் முக்கியமில்லை.

கொலையை மறக்காதவர்கள் கிராமத்து வில்லுப்பாட்டுக் கலைஞர்கள். குமரிப் பக்கம் பாடப்படும் நீலி கதையில், நம்பி நகைக்கு ஆசைப்பட்டு, தன்னை நம்பி வந்த பெண்ணைக் கொல்வது விரிவாக வருகிறது. கேட்பவர்களுக்கு முதலில் அவள்மேல் இரக்கம், அப்புறம்தான் பயம்.

நம் புதுச்சேரி மாநிலத்துக்கும் இந்த ஆலங்காட்டோடு தொடர்பு உண்டு. காரைக்கால் அம்மையார் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். அவர் கணவர் பரமதத்தனும் வணிகர்தான். மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்து விலகிப்போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அம்மையார் பழிவாங்கவில்லை, தாமே பேயுருவை வேண்டிப் பெற்றார். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம். ஒரே காட்டில் இரண்டு பேய்கள்: ஒருத்தி நாயன்மார்களில் ஒருவர், மற்றவள் வசைச்சொல்!

வெளிநாட்டில் பழைய பேய்க்கதைகளை இளைஞர் நாவல்களாகத் திருப்பி எழுதுகிறார்கள். வாஷிங்டன் இர்விங் 1820-ல் எழுதிய தலையில்லாக் குதிரைக்காரன் கதையின் ஊரை வைத்து, ஜெசிகா வெர்டே 2009-ல் 'தி ஹாலோ' எழுதினார். நீலியையும் யாராவது நம் வயதுக்காரர்களுக்கு நாவலாக எழுதலாம். எழுதினால், பழையனூர் மன்றத்தில் தொடங்க வேண்டாம். அதற்கு முன்னால், காட்டில் அந்தப் பெண் கொல்லப்பட்ட இடத்தில் தொடங்கட்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் அந்தப் பழமொழி கதையின் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அழுகிற பெண் பொய் சொல்கிறாள் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. குழந்தை பொய்தான், சம்மதிக்கிறேன். ஆனால் அவன் அவளைக் கொன்றது பொய்யில்லையே?

உங்கள் ஊரில் நீலி கதையை எப்படிச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.